இளமாப்பாணனின் வயது

12 பெப்ரவரி 1997, புதன்.
கட்டுரையில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். 'பறங்கிக் கோட்டையில் ஒரு தீப்பந்தம்' நாவலின் நாயகன் இளமாப்பாணனுக்கு வயது பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன். நமசிவாயம் சேர் அதைச் சிவப்பு மையால் வெட்டிப் பதினைந்து என்று திருத்தித் தந்தார். சரிபார்த்துத்தான் எழுதினேன். அல்லது சரிபார்த்ததாக நினைத்துக்கொண்டேனோ? இனி எந்த எண்ணையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

மரியகொறற்றி மையை ஊதிக் காயவைத்து டயரியை மூடினாள். சின்னப் பிழைதான். ஆனால் பிழை பார்ப்பதே அவளுடைய தொழில். பகலில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய அச்சகத்தில் புரூவ், அதாவது அச்சுப்படி, திருத்துவாள். பின்னேரம் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, புடைவைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் இதழியல் வகுப்பில் உட்காருவாள். பிறருடைய பிழையைக் கண்டுபிடித்தால் அவளுக்குச் சம்பளம். தன்னுடைய பிழையைக் கண்டுபிடித்தால் இரவுச் சாப்பாடு இறங்காது.

கட்டுரை சாதாரணமானதல்ல. வகுப்பை நடத்திய நமசிவாயம் சேரே ஒரு மணிவிழாக் குழுவின் செயலாளராகவும் இருந்தார். விழா, சிங்கைமணாளன் என்ற புனைபெயரில் இளைஞர்களுக்கு வரலாற்று நாவல்கள் எழுதும் கனகசபாபதிக்கு. அறுபது வயது, பதினொரு நாவல்கள். விழா மலருக்கு அவருடைய வாழ்க்கையையும் படைப்புகளையும் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். "உமக்கு இதுதான் கடைசி ஒப்படை. நல்லா எழுதினால் சேர்ட்டிபிக்கேட்டும் கிடைக்கும், பேரும் கிடைக்கும்" என்று சொல்லி அவளிடம் கொடுத்திருந்தார். மலரும் அவள் வேலை செய்யும் அச்சகத்தில்தான் அச்சாகிறது.

அவள் மகிழ்ந்துதான் ஏற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் அந்தத் தீப்பந்த நாவலை வாசித்துவிட்டுத் தலையணை நனைய அழுதவள் அவள். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பறங்கியர் பிடித்துவிடுகிறார்கள். இளமாப்பாணன் தீப்பந்தத்தோடு வெடிமருந்துக் கிடங்குக்குள் புகுந்து, தானும் எரிந்து கிடங்கையும் எரிக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவனுடைய தாய் மகிழ்ச்சிக் கண்ணீர் வடிக்கிறாள்.

அடுத்த நாள் அவள் கோயில் நூலகத்துக்குப் போய், தான் கட்டுரைக்குப் பயன்படுத்திய புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பதினேழு என்றுதான் இருந்தது. 1979ஆம் ஆண்டுப் பதிப்பு. சேரிடம் அவருடைய பிரதியையும் இரவல் வாங்கிப் பார்த்தாள். 1986ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் பதினைந்து. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எது பிழை?

வெள்ளிக்கிழமை அவளுடைய மேசைக்கு அதே நாவலின் புதிய பதிப்பு, புரூவாக வந்தது. விழாவில் வெளியிடப் போகிறார்களாம். மூன்றாம் பக்கத்தில் 'பதின்மூன்று வயதே நிரம்பிய இளமாப்பாணன்' என்று இருந்தது. அவள் பென்சிலால் பெரிய வட்டம் போட்டு, அச்சுக்கோர்க்கும் றேமண்டிடம் கொண்டுபோனாள்.

"அண்ணா, இதில எழுத்து மாறிப்போச்சு."

றேமண்ட் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினான். "ஒண்டும் மாறல்ல கொறற்றி. பெரியவர் தன்ட கையாலயே வெட்டி எழுதியிருக்கார், பாரு. இந்த ஆளுக்கு மட்டும் வருசம் போகப் போக வயசு குறையுது. எனக்கும் அந்த மருந்தைக் கேட்டு வாங்கித் தா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலப் பிரதியில் பதினைந்து என்ற சொல் நேர்கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. மேலே அழகான கையெழுத்தில் பதின்மூன்று.

சனிக்கிழமை அவள் கனகசபாபதியின் வீட்டு மணியை அடித்தாள். வெள்ளவத்தையில் கடற்பக்கம் பார்த்த மூன்றாம் மாடி. மனைவி மகளிடம் ரொறன்ரோவுக்குப் போயிருந்தார். அவர் தனியாக இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து, விரலிடுக்கால் வழிய வழிய வாயில் வைத்தார்.

"வாரும் பிள்ளை, இரும். சாப்பிடுறீரோ? வேண்டாமோ? சரி, கேளும் உம்மட கேள்வியளை."

அவள் வரிசைப்படி எழுதி வந்திருந்தாள். பிறந்த ஊர், படித்த பள்ளி, அரசாங்க உத்தியோகம், முதல் நாவல். எல்லாவற்றுக்கும் அவர் நீளமாகப் பதில் சொன்னார். ஆறாவது கேள்வி, இளமாப்பாணனின் வயது.

அவர் சந்தோசமாகச் சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டீர்! கெட்டிக்காரி. அந்த அலுமாரியில முதல் பதிப்பு இருக்கு, எடும். எழுபத்தொண்டில வந்தது. அதில பத்தொன்பது."

அவள் எடுத்துப் பார்த்தாள். பத்தொன்பதுதான். அந்தப் பக்கத்தைத் தன் கொப்பியில் பிரதி பண்ணிக்கொண்டாள்.

"அப்ப வாசிச்சதெல்லாம் கம்பஸ் பொடியள். பிறகு அவங்கள் வாசிக்கிறதை விட்டிட்டாங்கள். பள்ளிக்கூடப் பொடியள்தான் வாங்கினாங்கள். இப்ப அவங்களும் இல்லை. ஒண்டில் வெளிநாடு, இல்லாட்டி மற்றப் பக்கம், இயக்கம். இப்ப ஆண்டு ஏழு, எட்டுப் பிள்ளையளுக்குத் தாய்மார் வாங்கிக் குடுக்கினம். இதில ஒரு நுட்பம் இருக்கு, எழுதிக்கொள்ளும். வாசிக்கிற பிள்ளையைவிட நாயகன் ஒரு வயசு மூத்தவனா இருக்கவேணும். ஒரு வயசுதான். அப்பத்தான் அவனுக்கு, அடுத்த வருசம் நானும் இப்பிடி எண்டு மனசில படும்."

அவளுடைய பேனா நின்றுவிட்டது. "முடிவு, ஐயா?"

"முடிவில ஒரு எழுத்து மாத்தயில்லை!"

"பதின்மூண்டு வயசிலயும் அவன் எரிஞ்சு சாகத்தான் வேணுமோ?"

"பின்னை? உயிரோட வீட்டை வந்து சோறு திண்ட பொடியனை ஆர் பிள்ளை நினைச்சுக்கொண்டிருப்பினம்? செத்தாத்தான் புத்தகம்." அவர் சுட்டுவிரலை நக்கினார். பிறகு அதே விரலால் அவளுடைய கட்டுரையின் வரைவைத் தன் பக்கம் இழுத்தார். தாளின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கறை ஊறியது. "எல்லாம் எழுதியிருக்கிறீர், ஆனால் என்ர எழுத்தின்ர தாக்கம் எங்க? அதுக்கு நான் ஒரு விசயம் வச்சிருக்கிறன். இந்த இடியப்பம் தாற மனிசி, ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா, இரத்தினம்மா. அவவின்ர மகன் யாழ்ப்பாணத்தில இருக்கேக்க என்ர தீப்பந்தத்தை வாசிச்சுப்போட்டு, அதையே பையில வச்சுக்கொண்டு இயக்கத்துக்குப் போனவன். தாயே என்னட்டைச் சொன்னவ. எந்த எழுத்தாளனுக்குப் பிள்ளை இப்பிடி ஒரு பரிசு கிடைக்கும்?"

"அவவின்ர பேரைப் போடாமல் எழுதலாம்தானே, ஐயா? இஞ்ச கொழும்பில..."

"பேர் இல்லாட்டி ஆர் நம்புவினம்? கட்டுக்கதை எண்டுவினம். பேரும் இடமும் வேணும். பொடியன்ர பேரும் வேணும். உயிரோட இருக்கிறானோ எண்டும் கேட்டுக்கொண்டு வாரும். அதுக்கேற்ற மாதிரித்தான் பந்தியை முடிக்கவேணும்."

அவள் படியிறங்கினாள். இரண்டாம் மாடியில் நின்றாள். அவரைவிடத் தன்மேல்தான் அவளுக்குக் கூடுதலாக அருவருப்பு வந்தது. இந்த மனிதன் எழுதியதற்காகவா அவள் தலையணையை நனைத்தாள்? தான் பன்னிரண்டு வயதில் வாசித்த பதினேழு வயதுக்காரனை, இனி இன்னொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை பதின்மூன்று வயதுக்காரனாக வாசிக்கப் போகிறது. அவளுடைய திருத்தத்தோடு, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல்.

இரத்தினம்மாவின் அறையில் இடியப்பத் தட்டுகள் சுவரோடு அடுக்கியிருந்தன. ஐம்பது வயதிருக்கும். மா படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கதவைப் பாதி திறந்தார். மரியகொறற்றி தான் யார் என்பதையும் எதற்கு வந்திருக்கிறாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்காமல் ஒருவருடைய பெயரை எழுதக்கூடாது என்று வகுப்பில் படித்திருந்தாள். படிக்காவிட்டாலும் வந்திருப்பாள்.

கேட்டதும் அந்த அம்மா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மெல்லக் கதை பிள்ளை. பக்கத்து அறையிலயும் ஆக்கள். என்ர பேரோ? அச்சிலயோ? ஐயோ, இஞ்ச குடிவந்து பொலிசில பதியேக்க எனக்கு ஒரு பிள்ளை எண்டுதான் குடுத்தனான். மகள் மட்டும். அவளும் வேலைக்கு ஒவ்வொரு நாளும் இரத்மலானைக்குப் போய்வாறவள். வழியில எத்தினை சென்றியில மறிச்சுப் பார்க்கிறாங்கள்? இது வெளியில வந்தால் முதல்ல அவளைத்தான் தூக்குவாங்கள்."

"அப்ப ஏன் அன்ரி அவரிட்டைச் சொன்னீங்கள்?"

இரத்தினம்மா ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார்.

"அங்க இடியப்பம் குடுக்கப் போகேக்க அலுமாரியில அந்தப் புத்தகத்தைக் கண்டன். அட்டைப் படத்தைப் பார்த்தவுடனே மனசு கேக்கேல்லை. எழுதின மனிசன்தானே, ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு நினைச்சன். 'அந்தரப்படாதை, கவலைப்படாதை' எண்டாவது."

"என்ன சொன்னவர்?"

"எந்தப் பதிப்பு எண்டு கேட்டவர்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. அவர் நெருப்பைத் தணித்தார்.

"அவன் கேட்டு நான்தான் வாங்கிக் குடுத்தனான். பரிசளிப்பில முதலாவதா வந்தவன். போறதுக்கு முதல் நாள் நான் பேசினனான், உனக்கென்ன வயசடா எண்டு. அவன் சிரிச்சுப்போட்டுச் சொல்றான், 'இளமாப்பாணனுக்கும் பதினைஞ்சுதான் அம்மா.'" அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "கடைசிப் பக்கத்தில அந்தத் தாய் சந்தோசத்தில அழுகிறா எண்டு போட்டிருக்கு. அதை எழுத முதல் இந்த மனிசன் ஒரு தாயைப் பார்த்திருக்கக் கூடாதோ?"

மரியகொறற்றியின் பைக்குள் 1979ஆம் ஆண்டுப் பிரதி இருந்தது. பதினேழு. அந்தப் பையன் கையில் இது கிடைத்திருந்தால் அன்றைக்கு அம்மாவுக்கு வேறு பதில் சொல்லியிருப்பானா? இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது என்று நினைத்திருப்பானா? நினைத்திருக்கவும் மாட்டான், அவளுக்கு என்ன தெரியும்? அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. "உங்கட பேர் வராது அன்ரி. மலர் எங்கட அச்சகத்திலதான் அடிக்கிறது. நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று விளங்கியது.

திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் அவளுடைய பையைக் கிளறி நாவலை வெளியே எடுத்தான். அட்டையில் தீப்பந்தத்தோடு ஒரு பையன்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"கத்தந்தர பொத்தக், சேர். லமயின்ட."

சிறுவர்களுக்கான கதைப் புத்தகம் என்று தன்னுடைய வாயாலேயே சொன்னதைக் கேட்டு அவளுக்கு நாக்கைக் கழுவ வேண்டும்போல இருந்தது. அவன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். விழா மலர் எந்தக் கைக்கும் போகும்.

அன்றிரவே அவள் அந்தப் பந்தி இல்லாமல் கட்டுரையை முடித்தாள். ஞாயிறு காலை வகுப்பில் நமசிவாயம் சேரிடம் காரணத்தையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "நீர் சொல்றது நியாயம்தான். ஆனால் விழா நாயகன் அவர். அவரைப் பகைச்சுக்கொண்டு மலர் போடேலாது. எனக்குத் தெரியாது, நான் பார்க்கயில்லை, விடும்" என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். விழா வேலைக்காக ஞாயிறும் திறந்திருந்த அச்சகத்தில் அவள் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குள் நுழைந்ததும் றேமண்ட் கையைக் காட்டினான். கட்டுரையின் கடைசிப் பக்கம், ஈய எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கி, அச்சடிக்கத் தயாராகக் கிடந்தது.

"நேத்து நீ கட்டுரையைத் தந்திட்டுப் போன கையோட பெரியவர் ஓட்டோவில வந்து இறங்கினார். ஒம்பது வரி தன்ட கையாலயே எழுதிக்கொண்டு வந்து, பக்கத்துக்குக் கையெழுத்தும் வச்சிட்டுப் போயிட்டார். முதலாளியும் ஓமெண்டிட்டார். நாளைக்கு ஒம்பது மணிக்கு மிசினில ஏறுது."

அவள் குனிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகக் கிடந்த எழுத்துகளை வாசித்தாள். அது அவளுக்குப் பழக்கம். 'வெள்ளவத்தையில் வசிக்கும் திருமதி இரத்தினம்மா' என்று தொடங்கியது. ஒழுங்கையின் பெயரும் இருந்தது. பையனின் பெயரை அவர் எங்கிருந்தோ எடுத்திருந்தார். அவள் கேட்டு வராததால் கதையையும் தானே முடித்திருந்தார்: 'அந்த மாவீரத் தாயின் கண்களில் இன்றும் மகிழ்ச்சிக் கண்ணீர்.'

 வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

"அண்ணா, இந்த ஒன்பது வரியையும் எடுக்கவேணும்."

"விளையாடுறியா? கையெழுத்து வச்ச பக்கம்."

அவள் இரத்தினம்மாவைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னாள். பக்கத்தில் மிசின் ஓடியதால் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. றேமண்ட் கேட்டு முடித்ததும் கறுப்பு மை படிந்த கையால் வாயைத் துடைத்தான்.

"பெரியவரோ, பெரிய பண்டி" என்றான். "ஆனா எடுத்தா ஓட்டை விழும், கொறற்றி. எதிர்ப் பக்கத்தில அந்தாளின்ட முகம், முழுப் பக்கத்துக்கும் படப் புளொக். இழுத்து நிரப்ப ஒண்டும் இல்லை. ஓட்டையைக் கண்டா முதலாளி உடனே போன் போடுவார். நிறைஞ்சிருந்தாத் திரும்பியும் பார்க்க மாட்டார், கையெழுத்து இருக்குத்தானே. ஒம்பது வரிக்கு ஒம்பது வரி தா. உன்ட காதல் கடிதம் எண்டாலும் பரவாயில்லை, கோத்துத் தாறன். நாளைக்கு முதலாளி வர முன்னம்."

"உங்களுக்குப் பிரச்சினை வராதோ?"

"எனக்கென்ன? எழுத்தைப் பார்த்துக் கோக்கிறவன் நான். நீ திருத்தித் தந்தாய், நான் கோத்தன். உனக்குத்தான் சீட்டுக் கிழியும்."

அவள் பின்னேர வகுப்புக்குப் போகவில்லை. வீட்டு மேசையில் உட்கார்ந்து முதலில் ஒன்பது வரிக்குப் பரிசுகளின் பட்டியலை எழுதினாள். 1972, 1980, 1987. சரியாக ஒன்பது வரி வந்தது. யாரும் கோபிக்க மாட்டார்கள். பெயர் போய்விடும், வேலையும் சேர்ட்டிபிக்கேட்டும் மிஞ்சும். அதைத் திருப்பி வாசித்தபோது சொதி விரல் பட்ட தாளின் மணம் எங்கிருந்தோ வந்தது. இரத்தினம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்கு இந்தப் பட்டியல் போதும். ஆனால் மலரை வாங்கப்போகும் தாய்மார் மண்டப வாசலிலேயே தங்கள் பிள்ளைக்கு அந்த நாவலையும் வாங்குவார்கள். வாங்குகிற பொருளைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? சொல்ல நான் யார்? புரூவ் பார்க்கிறவள். புரூவ் பார்க்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

பட்டியலைக் குறுக்காக வெட்டினாள். நான்கு பதிப்புகளையும் மேசையில் திறந்து வைத்தாள்: நூலகப் பிரதி, சேரின் பிரதி, புதிய புரூவ், முதல் பதிப்பிலிருந்து தான் பிரதி பண்ணிய பக்கம். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து எழுதினாள்:

'பறங்கிக் கோட்டையில் ஒரு தீப்பந்தம்' இதுவரை நான்கு தடவை அச்சாகியுள்ளது. 1971ஆம் ஆண்டுப் பதிப்பில் நாயகன் இளமாப்பாணனுக்கு வயது பத்தொன்பது. 1979இல் பதினேழு. 1986இல் பதினைந்து. இவ்வாண்டுப் பதிப்பில் பதின்மூன்று. வாசிக்கும் பிள்ளையைவிட நாயகன் ஒரு வயது மூத்தவனாக இருக்க வேண்டும் என்பது ஆசிரியரின் கொள்கை. முடிவில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்று அவர் கூறுகிறார். நான்கு பதிப்புகளிலும் இளமாப்பாணன் எரிந்து இறக்கிறான். நான்கு பதிப்புகளிலும் அவனுடைய தாய் மகிழ்ச்சிக் கண்ணீர் வடிக்கிறாள்.

மலரின் வரி அகலத்துக்கு எழுத்தெண்ணிப் பார்த்தாள். பத்து வரி வந்தது. 'இதுவரை', 'ஆண்டு' என்று சில சொற்களைக் கழித்தாள். ஒன்பது.

பிறகு டயரியை எடுத்தாள்.

17 பெப்ரவரி 1997, திங்கள்.
புதன்கிழமை எழுதியதைத் திருத்துகிறேன். பதினேழு என்று எழுதியது பிழையல்ல, அது 1979. எந்தப் பதிப்பு என்று குறிக்காததுதான் என் பிழை. வகுப்புக்குப் போகவில்லை. நான் செய்யப்போவது சரிதானா என்று தெரியவில்லை. எண்கள் சரி.

நாளை: ஏழரைக்கு அச்சகம். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது வரி கழற்றி ஒன்பது வரி வைக்க வேண்டும். கழற்றிய எழுத்துகளை உடனே பெட்டியில் கலைத்துப் போட வேண்டும், பெயர் இருக்கும் வரியை முதலில்.